19 வயதில் பட்ட காயம், 53 வயதுக் கணக்கில்

வேலையிடத்தில் படும் காயங்களைப் பதிந்து, யார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்று வயதுவாரியாகக் கணக்குப் போட்டுத் தரும் ஒரு மென்பொருளை ஆறு வாரம் சோதனைக்கு வைத்திருந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளைச் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், செய்யட்டும். இந்த மாதிரி ஒன்றை வாங்கப்போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் எங்கெல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு ஆலையில் விபத்துப் பதிவேடு எழுதுகிறவள். அதற்கு முன் பல வருடம் இயந்திரத்தில் நின்றவள். என் உடம்பிலேயே இரண்டு பதிவுகள் இருக்கின்றன.

முதலாவது 19 வயதில். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். டிரில்லிங் மெஷினில் துணிக் கையுறையோடு நின்றேன். சுற்றும் இயந்திரத்தில் கையுறை போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கையுறை போட்டால் பாதுகாப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். துளைக்கம்பி நூலைப் பிடித்து இழுத்தது. இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஐந்து தையல். மூன்றாம் நாள் கட்டோடு வேலைக்கு வந்துவிட்டேன். வராவிட்டால் கூலி இல்லை, அவ்வளவுதான் காரணம். பதிவேட்டில் இழந்த நாட்கள்: 2.

இரண்டாவது 51 வயதில். இரும்புப் படியில் இறங்கும்போது எண்ணெய் பட்ட செருப்பு வழுக்கியது. கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டு. இந்த முறை சம்பளத்தோடு விடுப்பு இருந்தது, அதிகாரிகளும் ‘அவசரப்பட வேண்டாம்’ என்றார்கள். இழந்த நாட்கள்: 47.

இன்று அந்தக் கணுக்கால் நன்றாக இருக்கிறது, படியில் ஏறினாலும் வலிப்பதில்லை. ஆனால் அந்த விரல் நுனியில் இன்றுவரை உணர்ச்சி இல்லை; ஊசியில் நூல் கோக்க வராது. பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு 2 நாள் காயம் சின்னது, 47 நாள் காயம் பெரியது. இந்த மென்பொருளையும் அப்படித்தான் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே இருக்கிறது. பதியும் படிவம் அருமை. உடம்பின் படம் வரும், காயம் பட்ட இடத்தைத் தொட்டால் போதும். உள்ளங்கை வேறு, புறங்கை வேறு என்று பிரித்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கேட்கிறது. அந்தக் குறிப்பிட்ட இயந்திரத்தில் எத்தனை நாளாக நிற்கிறார் என்று தனியாகக் கேட்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு என்று புரிந்த ஒருவர்தான் அந்தப் படிவத்தை அமைத்திருக்க வேண்டும். பத்து வருடம் சர்வீஸ் உள்ளவர் நேற்றுதான் புது மெஷினுக்கு மாறியிருந்தால், அந்த மெஷினுக்கு அவர் புது ஆள்தான். ஷிப்டில் எத்தனையாவது மணி நேரம் என்றும் ஒரு கட்டம் உண்டு. இணைய இணைப்பு இல்லாத மூலையில் நின்றும் பதியலாம், இணைப்பு வந்ததும் தானே ஏறிக்கொள்ளும். நான் காகிதத்தில் வைத்திருந்த பதிவேட்டைவிட இது எல்லா வகையிலும் மேல்.

ஒரே ஒரு உறுத்தல். ‘காரணம்’ என்ற பட்டியலைத் திறந்தால் முதலில் நிற்பது ‘தொழிலாளியின் கவனக்குறைவு’. ஷிப்ட் முடியும் நேரத்தில் அவசரமாகப் பதிகிற சூப்பர்வைசர் எதைத் தொடுவார்? முதலில் இருப்பதைத்தான். நல்ல வேளையாக, நிர்வாகி கணக்கில் போய் அந்தப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். நான் போய் அந்த வரியையே எடுத்துவிட்டு, ‘இயந்திரத் தடுப்பு இல்லை’, ‘செய்முறை சொல்லித் தரப்படவில்லை’, ‘தரை ஈரம்’ என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவற்றை வைத்தேன். வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

இனி அறிக்கைப் பக்கம். விளம்பரத்தில் அவர்கள் பெரிதாகக் காட்டுவது இதைத்தான்: வயதுவாரி அறிக்கை. 18–30, 31–45, 46க்கு மேல் என்று மூன்று தூண்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. வயது வரம்புகளை மாற்ற முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை தன் அட்டவணைகளில் 16–19, 20–24 என்று இளையவர்களையே இரண்டாகப் பிரிக்கிறது. மேலே 55–64, 65க்கு மேல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. 18 வயதுக்காரரையும் 30 வயதுக்காரரையும் ஒரே தூணில் கட்டினால், முதல் வேலைக்கு வந்தவரும் பன்னிரண்டு வருட அனுபவக்காரரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

சோதனைக்காக என்னுடைய இரண்டு காயங்களையும் பதிந்தேன். இரண்டுமே 46க்கு மேல் தூணில் போய் உட்கார்ந்தன. முதலில் நான்தான் தேதியைத் தப்பாகப் போட்டேனோ என்று நினைத்தேன். இல்லை. பிறந்த தேதியிலிருந்து இன்றைய தேதி வரை கணக்கிட்டு அதை வயது என்று எடுத்துக்கொள்கிறது. விபத்து நடந்த அன்று என்ன வயது என்பதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு இப்போது 53. ஆகவே 19 வயதில் அறுபட்ட விரல் 53 வயதுக்காரியின் விரலாகிவிட்டது.

உதவி எண்ணில் ஒரு தம்பி பேசினார். “மேடம், இந்த வருஷத்து விபத்துன்னா வித்தியாசம் பெருசா வராதே?” என்றார். “தம்பி, பழைய பதிவேட்டை எல்லாம் ஏற்றித் தருவோம்னுதானே உங்க விளம்பரத்துல இருக்கு?” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அது ஆமா மேடம்” என்றார். நல்ல பிள்ளை, மழுப்பவில்லை. பத்து வருடப் பதிவை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வருடம் ஆக ஆக எல்லாக் காயங்களும் மெல்ல வலப்பக்கத் தூணுக்கு நகரும். யாருக்கும் புதிதாகக் காயம் படாமலேயே ‘வயதானவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள்’ என்று திரை சொல்லும்.

இதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வலுத்தது. விடை எனக்கு முன்பே தெரிந்த ஒரு கற்பனைத் தாளைத் தயாரித்து உள்ளே போட்டால் என்ன சொல்கிறது என்று பார்க்க நினைத்தேன். கீழே வரும் எண்கள் எந்த ஆலையினுடையவும் அல்ல, நானே சமைத்தவை. 30க்கு உட்பட்டவர்கள் 100 பேர், 46க்கு மேல் 100 பேர், நடுவில் யாரும் இல்லை. வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகாதவர்களில் நூற்றுக்கு 20 பேருக்குக் காயம், ஒரு வருடம் தாண்டியவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குக் காயம் என்று வைத்தேன். வயதுக்கு எந்தப் பங்கும் கொடுக்கவில்லை. இளையவரோ மூத்தவரோ, புது ஆள் என்றால் 20, பழைய ஆள் என்றால் 5.

ஆனால் எந்த ஆலையிலும் போல, புது ஆட்கள் இளையவர்களில்தான் அதிகம். இளையவர் 100 பேரில் 60 பேர் புதியவர்கள், 40 பேர் பழையவர்கள். மூத்தவர் 100 பேரில் 20 பேர் புதியவர்கள், 80 பேர் பழையவர்கள். கணக்கு இப்படி வரும்: இளையவர்களில் 12 + 2 = 14 காயம். மூத்தவர்களில் 4 + 4 = 8 காயம்.

மென்பொருள் என்ன சொன்னது? இளையவர்களுக்கு ‘75.00% கூடுதல் ஆபத்து’ என்று சிவப்பில் போட்டு, கீழே ஒரு பரிந்துரையும் கொடுத்தது: ‘இளம் பணியாளர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தவும்.’

நான் வைத்த உண்மைப்படி வயதுக்கு இதில் வேலையே இல்லை. புது ஆளாக இருப்பதுதான் முழுக் காரணம். பதியும்போது சேர்ந்த தேதியை அவ்வளவு அக்கறையாகக் கேட்ட மென்பொருள், அறிக்கை போடும்போது அந்தக் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு 40 பழைய இளையவர்களும் போய் உட்கார்ந்திருப்பார்கள். அந்த 20 புதிய மூத்தவர்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். 48 வயதில் முதன்முறையாக அந்த இயந்திரத்துக்கு வந்தவருக்குச் சொல்லித் தர ஆளில்லை. ‘அவருக்குத் தெரியும், பெரியவர்’ என்று விட்டுவிடுவார்கள்.

நான் சமைத்த தாள் நிஜத்துக்கு வெகு தூரம் என்று சொல்ல முடியாது. டொரோண்டோவில் இருக்கும் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஒர்க் அண்ட் ஹெல்த் என்ற ஆய்வு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், வேலைநாளை இழக்கும் அளவுக்குக் காயம் படும் ஆபத்து, ஒரு வருடம் தாண்டியவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்கிறது. நான் இரண்டாவது வாரத்தில் அடிபட்டவள். அதைப் படித்தபோது ‘அட, அது நான்தானே’ என்று தோன்றியது. அதுவரை நானே என்னை ‘அந்த வயசுல விளையாட்டுப் புத்தி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சொன்னதையே நானும் சொல்லிப் பழகியிருந்தேன்.

பிறகு தாளில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். மூத்தவர்களில் புதியவர்களுக்கு ஒரு காயம் கூட்டினேன், பழையவர்களுக்கும் ஒன்று கூட்டினேன். இப்போது 20 பேரில் 5, அதாவது நூற்றுக்கு 25. 80 பேரில் 5, நூற்றுக்கு 6.25. இரண்டு பிரிவிலும் மூத்தவர்களின் நிலை இளையவர்களைவிட மோசம். ஆனால் மொத்தம்? மூத்தவர் 10, இளையவர் 14. திரையில் சிவப்பு இன்னும் இளையவர்கள் மேல்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் மறு பக்கமும் சாய்கிற இந்த விநோதத்துக்குப் புள்ளியியலில் சிம்ப்சன் முரண் என்று பெயர். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிரித்துப் பார்க்க ஒரு பட்டன் வேண்டும். இதில் இல்லை.

என் பக்கத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மென்பொருள் ஆள் எண்ணிக்கையால் வகுக்கிறது, வேலை செய்த மணி நேரத்தால் அல்ல. முறைப்படி காயங்களை 200,000 மணி நேரத்துக்கு இவ்வளவு என்று சொல்வது அமெரிக்க வழக்கம். 100 பேர், வாரம் 40 மணி, வருடம் 50 வாரம் என்று பெருக்கினால் வருவது அது. 10 லட்சம் மணிக்கு இவ்வளவு என்று சொல்கிறவர்களும் உண்டு. என் தாளில் இளையவர்கள் எல்லோரும் படித்துக்கொண்டே பாதி நேரம் வருகிறவர்கள், வாரம் 20 மணிதான் என்று மாற்றிப் பார்த்தேன். 100,000 மணிக்கு 14 காயம் என்றால் 200,000க்கு 28. மூத்தவர்களுக்கு 8. இப்போது இளையவர்களின் விகிதம் மூன்றரை மடங்கு; புதியவர் பழையவர் என்று பிரித்த பிறகும் இளையவர்களின் விகிதம் இரண்டு மடங்காகவே நிற்கும். அதாவது இந்த மென்பொருள் எப்போதும் இளையவர்களைப் பழிக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. பகுதி நேர ஆட்கள் அதிகம் உள்ள இடத்தில் அவர்களுடைய ஆபத்தை இது குறைத்துக் காட்டும். எந்தப் பக்கம் சாயும் என்றே தெரியாத தராசு இது.

இளையவர்கள் அதிகம் அடிபடுகிறார்களா என்ற கேள்வியே புதிதல்ல. சிமோ சால்மினன் என்ற ஆய்வாளர் 2004இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். உயிர் போகாத காயங்களைப் பற்றிய 63 ஆய்வுகளில் பாதிக்குச் சற்று மேல் இளையவர்களுக்கே காயம் அதிகம் என்றன. உயிர் போன விபத்துகளைப் பற்றிய 45 ஆய்வுகளில் நேர்மாறு: மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை இளையவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு என்றன. அமெரிக்கக் கணக்கிலும் 65க்கு மேற்பட்ட தொழிலாளர்களின் விபத்து மரண விகிதம் மொத்த விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, ‘யாருக்கு ஆபத்து அதிகம்’ என்று ஒரே தூணில் பதில் சொல்லவே முடியாது. எத்தனை முறை என்று கேட்டால் ஒரு பதில், எவ்வளவு கடுமை என்று கேட்டால் வேறு பதில்.

அடுத்து, இழந்த நாட்கள். என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய பக்கம் இதுதான்.

முதல் தாளுக்கே திரும்பினேன். இளையவர்களின் 14 காயங்களுக்கு நாட்கள் போட்டேன்: 1, 2, 2, 3, 3, 4, 4, 5, 5, 6, 7, 8, 9, 11. மொத்தம் 70, சராசரி 5. மூத்தவர்களின் 8 காயங்களுக்கு: 2, 3, 3, 4, 5, 6, 7, 90. மொத்தம் 120, சராசரி 15. திரை சொன்னது: 46க்கு மேற்பட்டவர்கள் ‘மும்மடங்கு நாட்களை இழக்கிறார்கள்’.

அந்த எண்களை வரிசையாக வைத்து நடுவில் நிற்பதை எடுத்துப் பாருங்கள். இளையவர்களில் 4க்கும் 5க்கும் நடுவே, 4.5. மூத்தவர்களிலும் 4க்கும் 5க்கும் நடுவே, அதே 4.5. நடுவில் நிற்கும் ஆள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குணமாகித் திரும்புகிறார். 90 நாள் படுத்த ஒருவர் மற்ற ஏழு பேரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார். இதனால்தான் அமெரிக்கப் புள்ளியியல் துறை சராசரியை விட்டு, நடுவில் நிற்கும் இந்த எண்ணை, அதாவது இடைநிலை அளவைச் சொல்கிறது. அந்தக் கணக்கிலும் வயது ஏற ஏற நாட்கள் ஏறத்தான் செய்கின்றன. இளையவர்களுக்கு மிகக் குறைவு, 65 தாண்டியவர்களுக்கு அதிகம். வயதானால் எலும்பு மெதுவாகக் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை, என் கணுக்காலைக் கேட்டாலே சொல்லும். ஆனால் அந்த உண்மையைச் சராசரி ஊதிப் பெருக்கினால், அடுத்த முறை 50 வயதுக்காரரை வேலைக்கு எடுக்கலாமா என்று பேசும் இடத்தில் யாராவது இந்தத் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள்.

நான் இடைநிலை அளவைத் தேடினேன். மூன்று மெனுவுக்குள் எங்கும் இல்லை.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. அந்த 90 நாள் ஆள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்று வைத்து, திரும்பிய தேதியைக் காலியாக விட்டேன். மூத்தவர்களின் சராசரி சட்டென்று 4.3 ஆகிவிட்டது. திரும்பிய தேதி இல்லாதவர்களை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை! இப்போது இளையவர்களின் 5 நாளைவிட மூத்தவர்கள் நல்ல நிலை, தூண் பச்சையாகிவிட்டது. மிகக் கடுமையாக அடிபட்டு இன்னும் படுக்கையில் இருப்பவர் அறிக்கையில் இல்லாத ஆளாகிவிட்டார். வருட முடிவில் அறிக்கை எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும், ஏனென்றால் வருட முடிவில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கத்தான் செய்வார்.

நாளை எப்படி எண்ணுவது என்பதிலும் குழப்பம். 1998இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 16ஆவது சர்வதேச மாநாடு வகுத்த தீர்மானப்படி விபத்து நடந்த நாளை எண்ணக்கூடாது, விடுமுறை நாட்களையும் சேர்த்து நாட்காட்டி நாட்களாக எண்ண வேண்டும். அமெரிக்க விதியும் அப்படியே, ஒரு காயத்துக்கு 180 நாளோடு எண்ணுவதை நிறுத்திக்கொள்ளலாம் என்ற சலுகையோடு. இந்த மென்பொருள் வேலை நாட்களை மட்டும் எண்ணுகிறது. வியாழன் அடிபட்டு, வாரக் கடைசி இரண்டு நாள் விடுமுறையும் முடிந்து திங்கள் வந்தவருக்கு நாட்காட்டிப்படி 3, இதன்படி 1. அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றாமல் விட்டால் வேறு எந்த ஆலையின் எண்ணோடும் ஒப்பிட முடியாது.

எந்தக் காயத்தை எண்ணுவது என்ற வரம்பும் படத்தை மாற்றும். பிரிட்டனில் முன்பு மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2012 ஏப்ரலிலிருந்து ஏழு நாளுக்கு மேல் என்று ஆனது. என் தாளில் இளையவர்களின் 14 காயங்கள் மூன்று நாள் வரம்பில் 9 ஆகும், ஏழு நாள் வரம்பில் 3 ஆகும். என் 2 நாள் விரலுக்கு இரண்டிலுமே இடமில்லை.

அந்த 2 நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம். இந்த மென்பொருளுக்கு இழந்த நாள் என்றால் குணமாக எடுத்த நாள். பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும், அதில் பாதிதான் உண்மை. சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறதா, கான்ட்ராக்ட் ஆளா நிரந்தர ஆளா, வராவிட்டால் அடுத்த வாரம் பெயர் இருக்குமா, ஒற்றைக் கையால் செய்ய லைட் டியூட்டி கொடுப்பார்களா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. புதிதாக வந்த இளைஞர் சீக்கிரம் திரும்புவது அவர் தோல் சீக்கிரம் ஒட்டுவதால் மட்டுமா? மூத்தவர் அதிக நாள் எடுப்பதில், எடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது என்பதும் சேர்த்தி. படிவத்தில் ‘விடுப்பின் வகை’ என்று ஒரே ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால் இதைப் பிரித்திருக்கலாம். கேட்டிருக்கிறேன்.

லைட் டியூட்டி நாட்களும் எங்கும் சேர்வதில்லை. கட்டுப் போட்ட கையோடு ஸ்டோரில் ரசீது அடுக்கிக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாலும் இழந்த நாள் பூஜ்யம். முகப்பில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பெரிய எண் வேறு ஓடுகிறது. அந்த எண் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மேலாளர் கையில் இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அமைப்புகளில் அதை மறைக்க வழி இருந்தது, மறைத்துவிட்டேன்.

75.00% பற்றியும் ஒரு வார்த்தை. அந்த இரண்டு சுழியங்கள் எதற்கு? எண்ணியதே 14, 8. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் பெரிது. 8 காயம் என்று எண்ணினால், அடியில் இருக்கும் உண்மையான சராசரி சுமார் 3.5 முதல் 15.8 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பது புள்ளியியலில் வழக்கமான 95% கணக்கு. 14க்கு சுமார் 7.7 முதல் 23.5. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நன்றாகவே படிகின்றன. 200 பேர் உள்ள ஆலை ஒரு வருடக் கணக்கை வைத்துக்கொண்டு வயதைப் பற்றி எதுவும் பேசாமல் இருப்பதே மரியாதை. ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பேசலாம், அதற்கு விபத்து நாளின் வயது சரியாக இருக்க வேண்டும், அதுதான் இதில் இல்லையே.

எந்த மென்பொருளும் தானாகக் காட்டாத இன்னொன்று உண்டு. 46க்கு மேல் தூணில் நிற்பவர்கள் யார்? இயந்திரத்தில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தவர்கள். இடுப்பு போனவர், விரல் போனவர், மூச்சு வாங்கியவர் எல்லாம் முன்பே போய்விட்டார்கள் அல்லது என்னைப் போல மேசைக்கு வந்துவிட்டார்கள். 1885இலேயே இங்கிலாந்தின் தொழில்வாரி மரணக் கணக்குகளை ஆராய்ந்த வில்லியம் ஓகிள் இதைக் கவனித்துச் சொன்னார்: கடினமான வேலை வலுவானவர்களைத்தான் எடுத்துக்கொள்கிறது, தளர்ந்தவர்களைத் தள்ளிவிடுகிறது. ஆகவே மிச்சமிருக்கும் மூத்தவர்களின் 8 காயத்தைப் பார்த்து ‘அனுபவம் காப்பாற்றுகிறது’ என்று சொன்னால், அதில் கொஞ்சம் அனுபவம், கொஞ்சம் அந்த வரிசையிலிருந்து காணாமல் போனவர்கள். மென்பொருளில் வேலையை விட்டவரின் பெயரை நீக்கினால் அவருடைய பழைய காயமும் சேர்ந்து நீங்குகிறது. நீக்காதீர்கள், ‘செயலில் இல்லை’ என்று குறித்தால் போதும், அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பதிவேட்டுக்காக வாங்கலாம். நான் எங்கள் ஆலைக்குப் பரிந்துரை செய்திருக்கிறேன். வயதுவாரி அறிக்கையை மட்டும் மேலே அனுப்ப வேண்டாம் என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். எல்லாத் தரவையும் எக்செலுக்கு இறக்கிக்கொள்ள முடிகிறது, அது பெரிய நிம்மதி. இறக்கும்போது பிறந்த தேதி, விபத்துத் தேதி, சேர்ந்த தேதி, மெஷினில் நின்ற நாள், திரும்பிய தேதி ஐந்தையும் டிக் செய்யுங்கள்; முதல் இரண்டைக் கழித்தால் விபத்து நாளின் வயது வந்துவிடும். திரும்பிய தேதி காலியாக இருப்பவர்களைத் தனி நிறத்தில் வைத்து, இதுவரை எத்தனை நாள் என்று கையால் எழுதுங்கள். புதியவர், பழையவர் என்று இரண்டாகப் பிரித்த பிறகே வயதைத் தொடுங்கள். எனக்கு ஒரு மாதத் தரவுக்கு இருபது நிமிடம் ஆகிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சோதனை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அந்தத் தம்பியே கூப்பிட்டார். “மேடம், விபத்துத் தேதி வயசை மாத்தியாச்சு, பாருங்க” என்றார். திறந்து பார்த்தேன். என் விரல் 18–30 தூணுக்குப் போயிருந்தது, கணுக்கால் 46க்கு மேல் இருந்தது. திரும்பிய தேதி இல்லாதவர்கள் இன்னும் காணவில்லை. “அது அடுத்த மாசம் மேடம்” என்றார்.